முனிரத்தினம் சொன்ன பச்சை

பாலாற்றில் தண்ணீர் போய் மணல் மட்டும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், அதன் தென்கரையிலிருந்த மேல்சூளைப்பட்டு என்னும் ஊரில், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் தணிகைவேலு தகரத்தாலும் குடைக்கம்பியாலும் செய்து முடித்த சிறிய பீரங்கியானது தன்மேல் பூசப்பட்ட வண்ணத்தை ஏற்க மறுத்தது. மறுத்தது என்றால், வண்ணம் உரிந்ததென்றோ வெடித்ததென்றோ எவரும் எண்ணிவிடக் கூடாது. அது நன்றாகவே பிடித்தது, நன்றாகவே காய்ந்தது; காய்ந்த பின், அரிசி ஆலையின் பகல் சங்கு ஊதியவுடன், பந்தியில் மரியாதை குறைந்த சம்பந்தி எழுவதைப்போல மெல்ல எழுந்து, ஒரு சொட்டும் பின்னால் விடாமல் வாசற்படியைத் தாண்டித் தெருவில் இறங்கி, பறக்கும் காக்கையின் நிழல் தரையில் போவதுபோலப் போய், ஊரில் தனக்குப் பிடித்த வேறொன்றின்மேல் அமர்ந்துகொண்டது. பீரங்கி பழையபடி வெறும் தகரமாக நின்றது.

முதல் முறை அப்படிப் போன இலைப்பச்சை, பால்காரர் கோதண்டத்தின் வெள்ளைப் பசுவின்மேல் கொம்பு முதல் வால்நுனி வரை படிந்தது. பசு அசைபோடுவதை நிறுத்தவில்லை. கோதண்டம் வைக்கோலால் தேய்த்துப் பார்த்தார், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பார்த்தார், கடைசியில் அச்சத்தோடு செம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து கறந்து பார்த்தார். பால் வெள்ளையாகவே வந்தது. அந்தப் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று கடைத்தெருவில் பேச்சு மூண்டு, கொடுக்கலாம், பசுவின் நிறத்தால் கெடுதல் ஒன்றுமில்லை, கோதண்டம் ஊற்றும் தண்ணீரால்தான் கெடுதல் என்று தேநீர்க்கடையில் தீர்ப்பான பிறகு அடங்கியது. பசுவும் அதன்பின் புல்வெளியில் மேயும்போது கண்ணுக்குத் தெரியாமல் போனதைத் தவிர வேறு தொல்லை கொடுக்கவில்லை.

தணிகைவேலுவுக்கு இந்த அதிசயம் பெரிதாகத் தோன்றவில்லை; அதிலிருந்த அவமானம்தான் பெரிதாகத் தோன்றியது. உயர்நிலைப் பள்ளியில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு வண்ணம் கலக்கக் கற்பித்தவர் அவர். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மயில்கழுத்துப் பச்சை, வாழைக்குருத்துப் பச்சை என்று மூச்சுவிடாமல் அடுக்கக் கூடியவர். வேப்பிலையை இலைப்பச்சை என்று சொன்ன பிள்ளையை வேப்பமரத்தடியில் நிற்கவைத்து, மரத்திடமே மன்னிப்புக் கேட்கச் செய்தவர். அப்படிப்பட்டவர் தேர்ந்தெடுத்த வண்ணத்தை ஒரு தகரத்துண்டு வேண்டாமென்று திருப்பி அனுப்பியது என்றால், அதை எவரிடம் போய்ச் சொல்வது?

அந்தப் பீரங்கியை அவர் பொழுதுபோக்குக்காகச் செய்யவில்லை. அவருடைய அண்ணன் முனிரத்தினம் பெரிய போரின்போது பட்டாளத்தில் சேர்ந்து, பர்மாக் காட்டில் பீரங்கிப் படையில் இருந்து, போர் முடிந்தும் திரும்பி வராமலேயே போனவர். அவருக்குச் சமாதி இல்லை, புகைப்படம் இல்லை, இறந்த நாள் இன்னதென்று தெரியாததால் திதியும் இல்லை. எஞ்சியிருந்தவர் அவருடைய மனைவி கன்னியம்மாள் ஒருவர்தான். கல்யாணமான கையோடு கணவன் பட்டாளத்துக்குப் போக, பர்மாவிலிருந்து ஒரே ஒரு விடுமுறைக்கு வந்து திரும்பியவனை மறுபடி காணாமல், கொழுந்தன் வீட்டிலேயே தங்கி, கொழுந்தனுக்கும் பெண் பார்த்துக் கட்டிவைத்து, தலை நரைத்துப்போனவர். அந்தக் கன்னியம்மாளுக்கு இப்போது கண் மூடிக்கொண்டு வந்தது. வேலூர்க் கண் மருத்துவர், உள்ளே நரம்பு வாடிவிட்டது, இனி மருந்து அதைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது, தை மாதம் பார்ப்பதை மாசியில் பார்ப்பது ஐயம் என்று சொல்லியனுப்பினார். கன்னியம்மாள் கண்ணில் உலகம் நடுவில் மட்டும் தெளிவாக இருந்து ஓரங்களிலிருந்து இருண்டது. ஆடியில் வளையல் அளவு தெரிந்தது. ஐப்பசியில் மோதிர அளவு ஆயிற்று.

கண் முழுவதும் போவதற்குள் எதைப் பார்க்க வேண்டும், திருப்பதியா, கடலா என்று தணிகைவேலு கேட்டார். கன்னியம்மாள் அதிகம் யோசிக்கவில்லை.

"சாமியப் பாத்தாச்சி, கடலப் பாத்து இன்னா பண்றது தம்பி? உங்கண்ணன் எதுகிட்ட நின்னாரோ அதப் பாக்கணும். ஆளத்தான் பாக்க முடியாது."

இதனால்தான் தணிகைவேலு பீரங்கி செய்ய உட்கார்ந்தார். மாவட்ட நூலகத்தில் போர் பற்றிய தடித்த நூல்களைப் புரட்டி, இருபத்தைந்து பவுண்டு குண்டை எறியும் அந்தப் பீரங்கியின் அளவுகளை எடுத்து, ஆறில் ஒரு பங்காகச் சுருக்கி, படுத்திருக்கும் நாய் அளவில் அதை வடித்தார். முன்தகடு சரியாக அமைந்தது. குழலின் நுனி சரியாக அமைந்தது. பீரங்கியை எந்தத் திசைக்கும் திருப்ப உதவும், வண்டிச்சக்கரம் போன்ற அடித்தட்டுகூடத் திருத்தமாக அமைந்து வழுக்கிச் சுற்றியது. வண்ணம் ஒன்றுதான் பாக்கி. நூல்களிலிருந்த படங்களெல்லாம் கறுப்பு வெள்ளை. அவற்றில் பீரங்கியும் சாம்பல், மரமும் சாம்பல், மனிதர்களும் சாம்பல். ஆகவே அண்ணியைக் கேட்டார்: அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது பீரங்கியின் நிறத்தைப் பற்றி ஏதாவது சொன்னதுண்டா? பச்சை என்று சொன்னார், என்றார் கன்னியம்மாள்.

பச்சை என்பது தெரிந்துவிட்டது, இனி எந்தப் பச்சை என்பதுதானே என்று தணிகைவேலு எளிதாக எண்ணினார். இலைப்பச்சை பசுமாட்டுக்குப் போன பிறகு, இராணுவக் குடியிருப்பு ஒன்றின் வாயிலில் நிறுத்தியிருந்த பழம்பீரங்கியைப் பார்த்து வந்து, அதே போன்ற ஆலிவ் பச்சையைக் கலந்து பூசினார். சங்கு ஊதியது, ஆலிவ் பச்சை எழுந்து போய்ப் பஞ்சாயத்துக் குழாயடியின் தூணில் ஒட்டிக்கொண்டது. பாலாற்றுக்கு அக்கரையில் வாழ்ந்த முதிய சுபேதார் அல்லாபக்ஷைத் தேடிப் போனார். பர்மாவில் போரிட்டவரான அவர், பீரங்கிக்கு இன்ன நிறம் என்று கட்டளை வரும், ஆனால் கிடங்கில் எந்த டப்பா இருந்ததோ அதைத்தான் அடிப்போம் என்று பாதி நேரமும், பர்மா மழையைப் பற்றியும் முழங்கால் சேற்றைப் பற்றியும் பாதி நேரமும் பேசினார். தணிகைவேலு பயனுள்ள முதல் பாதியை மட்டும் மனத்தில் வாங்கிக்கொண்டு திரும்பி, பாசிப்பச்சையில் கொஞ்சம் கறுப்புச் சேர்த்துப் பூசினார். அது பள்ளிவாசல் கோபுரத்தின் உச்சியைத் தேடிப்போய், வெளுத்திருந்த குமிழை அழகாக மூடிக்கொண்டது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவர்கள் மேலே பார்த்து, யார் செலவு என்று ஒருவரையொருவர் விசாரித்து, எவரும் ஒப்புக்கொள்ளாததால் இறைவன் செலவு என்று முடிவுசெய்து கலைந்தார்கள்.

ஊர் விழித்துக்கொண்டது அதன்பிறகுதான்.

பசுவென்றால் வேடிக்கை, கோபுரமென்றால் காரியம். தணிகைவேலுவின் பீரங்கி தள்ளும் வண்ணம் எந்த மழைக்கும் அசையாது, எந்த வெயிலுக்கும் வெளுக்காது என்பதை மேல்சூளைப்பட்டு மக்கள் கண்டுகொண்டார்கள். நெடுநேரம் அசையாமல் நிற்கும் பொருள்களைத்தான் அந்த வண்ணம் விரும்புகிறது என்று ஒரு கருத்து உருவாகி, பசு எப்போது அசையாமல் நின்றது என்று ஓர் எதிர்க்கருத்தும் உருவாகி, இரண்டு கட்சிக்காரர்களும் தத்தம் பொருள்களோடு ஆசிரியர் தெருவுக்கு வரத் தொடங்கினார்கள். பகல் சங்குக்கு முன்னால் அந்தத் தெருவைப் பார்க்க வேண்டும்! துருப்பிடித்த இரும்புக் கதவுகள் சுவரில் சாய்ந்து நிற்கும், மாட்டுவண்டி நிற்கும், சீர்வரிசை பீரோ நிற்கும், மணமகன் வீட்டார் பீரோவுக்கு மேல் அமர்ந்திருப்பார்கள், சைக்கிள்காரர்கள் மணியடிக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சங்கு ஊதும். பச்சை எழும். வாசலைத் தாண்டும்போது எல்லாரும் தம் பக்கம் வருமென்று கண்ணை மூடிக்கொள்வார்கள்; திறந்து பார்த்தால் அது எல்லாரையும் தாண்டி, யாரும் கொண்டுவராத ஒரு மைல்கல்லின்மேலோ, உறங்கும் ஆட்டின்மேலோ அமர்ந்திருக்கும். அதனால் ஒருவரும் சலிக்கவில்லை. நாளை நம் முறை என்று கதவுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு போனார்கள். வண்ண டப்பாக்களும் வந்து குவிந்தன. வயலிலிருந்து திரும்புகிறவர்கள் கீரை கொடுப்பதுபோல ஆளுக்கொரு டப்பாவைக் கொடுத்து, இந்தப் பச்சையாக இருக்குமோ பாருங்கள் வாத்தியாரே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது சரியான பச்சையாக இருந்துவிடக் கூடாது என்பதே அவர்களுடைய பிரார்த்தனை.

தணிகைவேலுவின் மனைவி சுலோச்சனா திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். எதையும் முகத்துக்கு நேரே சொல்பவர். "ஊரே கும்புடுது, நீங்க தப்பு பண்ணிக்கினே இருக்கணும்னு. எந்த வாத்தியாருக்குக் கிடைக்கும் இந்தக் குடுப்பின?" என்று சோற்றைப் பரிமாறியபடி சொன்னார்.

கார்த்திகையில் பஞ்சாயத்துத் தலைவர் ஏகாம்பரம் தம் ஆட்கள் சிலரோடு வந்தார். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக வாசலில் நின்றபடி, நெடிய முன்னுரை ஒன்றை நிகழ்த்தினார். ஊர்த் தண்ணீர்த்தொட்டி துருவேறிக் கிடப்பதையும், பள்ளிக்கூடத்துச் சுவர் பல்லிளிப்பதையும், சுடுகாட்டுக் கொட்டகைகூட வண்ணமின்றித் தவிப்பதையும் எடுத்துரைத்து, இத்தனையும் பூசி முடிக்கும் வரையிலாவது ஆசிரியர் அவசரப்பட்டுச் சரியான பச்சையைக் கண்டுபிடித்துவிடாமல் ஊரைக் காக்க வேண்டும் என்றார்.

"சரியானத கண்டுபுடிச்சி இன்னா பண்ணப் போற வாத்தியாரே? அது உன் வீட்டுக்குள்ளயே குந்திக்கும். தப்புன்னா ஊருக்கு."

"எங்க அண்ணி கண்ணு தை தாண்டாது, தலைவரே."

நல்ல மனிதர்தாம் ஏகாம்பரம். ஆனால் தண்ணீர்த்தொட்டி அவரை விடவில்லை. அந்த அம்மாளுக்கு ஏதோ ஒரு பச்சையைக் காட்டி இதுதான் என்றால் போயிற்று, நாமெல்லாம் பர்மாவையா பார்த்தோம் என்று அவர் மெல்லிய குரலில் விளக்கத் தொடங்கிய வேளையில் சங்கு ஊதியது. அன்றைக்குப் பூசியிருந்த கரும்பச்சை எழுந்து வந்து, பேசத் தொடங்கியது முதல் அசையாமல் நின்றுகொண்டிருந்த தலைவரைப் பார்த்தது. வேட்டியின் கரையில் ஏறியது. சட்டைக் காலரில் போய் முடிந்தது. அவருடைய ஆட்கள் சிரிக்காமலிருப்பதற்குப் பெரும்பாடு பட்டார்கள். அவர் அப்படியே தெருவில் இறங்கி நடந்தார். மறுநாள் முதல் அதே வேட்டி சட்டையோடு எல்லாக் கூட்டத்துக்கும் வந்து, இது எந்தக் கட்சியின் நிறமும் அன்று, ஊரின் நிறம் என்று சொல்லிக்கொண்டார்; அடுத்த தேர்தலில் அது அவருக்கு உதவவும் செய்தது.

மார்கழி பிறந்தது. கன்னியம்மாள் கோலம் போட உட்கார்ந்தால் புள்ளி தெரிந்தது, அடுத்த புள்ளி தெரியவில்லை. ஒருவர் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் முதலில் மூக்கு, பிறகு கண், பிறகு வாய் என்று துண்டு துண்டாக எடுத்து மனத்துக்குள் கோத்துக்கொண்டார். அதைப் பற்றி அவர் புலம்பவில்லை. குடியாத்தம் பக்கத்தில் தறி ஓடும் ஊரில் பிறந்தவர். ஊசியில் நூல் கோக்கும்போது ஊசியின் காது மட்டும்தானே தெரிகிறது, அதற்காக யாராவது அழுகிறார்களா என்று கேட்டார். ஆனால் தணிகைவேலு பீரங்கிக்குப் பக்கத்தில் புதிய டப்பாவைத் திறக்கும்போதெல்லாம், அந்த ஓசையைக் கேட்டு எழுந்து வந்து, முக்காலியைத் தடவி இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் உட்கார்ந்துகொள்வார். சங்கு ஊதி வண்ணம் போன பிறகு, போயிடுச்சா என்று மட்டும் கேட்பார். போய்விட்டது அண்ணி என்று சொல்லிவிட்டுத் தணிகைவேலு டப்பாவை மூடி வைப்பார். சில நாள் அவருக்கே ஏகாம்பரத்தின் யோசனை நினைவுக்கு வரும். சங்கு ஊதுவதற்கு முன் அண்ணியை அழைத்து, இதோ இதுதான் என்று காட்டிவிட்டால் என்ன? அவர் கண்ணுக்குத் தெரியாதே தவிர பீரங்கிக்குத் தெரியுமே என்று நினைத்து, அந்த எண்ணத்தைத் தூரிகையோடு சேர்த்துக் கழுவி வைத்துவிடுவார்.

பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும் நாளில், முற்பகலில், அவர் கலந்துகொண்டிருந்த பச்சை திரிந்துபோயிற்று. பள்ளிக்கூட வாழ்நாள் முழுவதும் வண்ணம் திரிய விடாதவருக்கு அது பொறுக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பள்ளிப் பிள்ளையைக் கேட்பதுபோலக் கன்னியம்மாளைக் கேட்டார்.

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க அண்ணி. கரும்பச்சையா? வெளிர்பச்சையா? மஞ்சள் ஓடின பச்சையா?"

"எத்தினி வாட்டி கேப்ப தம்பி? பச்சைன்னாரு. அவ்ளோதான்."

"அண்ணன் வாயிலிருந்து இன்னா வார்த்த வந்திச்சோ, அத அப்பிடியே சொல்லுங்க. ஒண்ணும் வுடாம."

சுலோச்சனா சுண்ணாம்பு வாளியோடு வாசற்படியில் நின்றிருந்தார். ஆண்டுக்கணக்காக ஒரே அடுப்பில் சமைத்த ஓரகத்திதான் என்றாலும், அவர் எதிரில் இதைச் சொல்வதற்குக் கன்னியம்மாளுக்கு வெட்கமாக இருந்தது போலும். முந்தானையை இழுத்து வாயருகே வைத்துக்கொண்டு சொன்னார்.

"அடுப்புல சோறு கொதிச்சிக்கினு இருந்திச்சி. அவரு மணையில குந்திக்கினு இருந்தாரு. உங்க பீரங்கி பாக்க எப்பிடி இருக்கும்னு கேட்டேன். ‘பச்சைதான், இன்னும் வேகல’ன்னாரு. சொல்லிட்டுத் தானே சிரிச்சிக்கினாரு."

"வேகலயா?"

"என் சோத்தத்தான் குத்திக் காட்டறாருன்னு நெனச்சேன். முந்தின நாளு வடிச்சது அரிசி அரிசியா நின்னுட்டிச்சி. பதினெட்டு வயசுக் கோவம் தம்பி. மறுநாள்லருந்து லீவு முடியிற வரிக்கும் கூழு மாதிரி குழையக் குழைய வடிச்சிக் கொட்டினேன். இன்னாத்துக்குன்னு ஒரு வார்த்த கேக்காம தின்னுட்டு ரயில் ஏறிட்டாரு."

சுலோச்சனா சிரித்தார். தணிகைவேலு சிரிக்கவில்லை. அவர் பார்வை ஜன்னல் வழியே ஆற்றோரச் செங்கற்சூளைகளின் பக்கம் போய் நின்றது.

முனிரத்தினம் பட்டாளத்துக்குப் போவதற்கு முன் அந்தச் சூளைகளில் மண்ணை அச்சில் வார்த்துக் கல் அறுத்தவர். தம்பி கையில் சேறு படக் கூடாது, அவன் கையில் பென்சில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துப் பள்ளிக்கு அனுப்பியவர். அறுத்து வரிசையாகக் காயப் போட்டிருக்கும் கல்லுக்குச் சூளைக்காரர்கள் மேல்சூளைப்பட்டில் என்றைக்கும் செங்கல் என்று பெயர் சொன்னதில்லை. நெருப்பில் வெந்தால்தான் அது செங்கல்; வேகும் வரை அதன் பெயர் பச்சை. பச்சை காயுது, பச்சை நனையுது, பச்சைய மூடுங்க என்று ஊர் முழுக்க அந்தச் சொல் அன்றாடம் புழங்கிக்கொண்டிருந்தது. தறி ஊரிலிருந்து வந்த புதுப்பெண்ணுக்கு அது தெரியாமல் போனதில் வியப்பில்லை; பின்னாளில் அந்தச் சொல் காதில் விழுந்தபோதும், அதைக் கணவன் சொன்னதோடு சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. இந்த ஊரிலேயே பிறந்த தணிகைவேலு, சேற்றில் கிடந்த சொல்லை வண்ணப் பெட்டிக்குள் தேடிக்கொண்டிருந்தார். சுபேதார் அல்லாபக்ஷ் மற்றப் பாதி நேரம் எதைப் பற்றிப் பேசினார் என்பதும் இப்போது அவருக்குக் காதில் விழுந்தது: விமானத்தின் கண்ணுக்குத் தப்புவதற்காகக் குழல், தகடு, சக்கரம் எல்லாவற்றிலும் வழித்து வழித்து அப்பிய சேறு, மழை கழுவக் கழுவ மறுபடி அப்பிய சேறு. கிடங்கிலிருந்து வந்த வண்ணம் எதுவாயினும் முனிரத்தினம் கண்ட பீரங்கிக்கு நிறம் ஒன்றுதான். தான் அறுத்த கல்லின் நிறத்திலேயே ஒரு பீரங்கி நிற்பதைக் கண்டு, அந்தக் காட்டுக்குள் அவர் சிரித்திருக்க வேண்டும். அந்தச் சிரிப்பைத்தான் விடுமுறையில் மனைவிக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அவளோ அதை உலைப்பானைக்குள் போட்டுக் குழைய வடித்துவிட்டாள்.

தணிகைவேலு எழுந்து, செருப்பும் அணியாமல் சூளைக்கு நடந்தார். மண் மிதித்துக்கொண்டிருந்தவர்களிடம் போய், பச்சை வேண்டும் என்றார். எத்தினி லோடு என்று கேட்டார்கள். ஒரு கை போதும் என்றார். அவர்களுக்குச் சிரிப்பு வந்தாலும் வாத்தியாராயிற்றே என்று ஒன்றும் கேட்காமல், நன்றாக மிதிபட்டுப் பதமாக இருந்த ஓர் உருண்டையை எடுத்துக் கொடுத்தார்கள். ஏரி வண்டலும் ஆற்று மணலும் கலந்த மண். பழுப்பு என்றால் பழுப்பு, சாம்பல் என்றால் சாம்பல், வெயில் படும் பக்கம் இலேசாக மஞ்சள், ஈரம் நிற்கும் பக்கம் ஏறக்குறைய நீலம். அத்தனை ஆண்டு வண்ணம் கலந்தவருக்கு அதற்கு ஒரு பெயர் தோன்றவில்லை. வீடு வந்ததும் தூரிகையைத் தேடினார். பிறகு தூரிகை வேண்டாமென்று விட்டு, விரலால் பூசினார். முன்தகட்டில் பூசினார், குழலில் பூசினார், அடித்தட்டின் விளிம்பில் வழித்து அப்பினார். கன்னியம்மாள் முக்காலியில் உட்கார்ந்து, இன்னா தம்பி டப்பா ஓசையே கேக்கல என்றார்.

தெருவில் வழக்கம்போலக் கதவுகளும் சைக்கிள்களும் வந்து நின்றன. ஏகாம்பரம் தண்ணீர்த்தொட்டியைத் தூக்கி வர முடியாத காரணத்தால், அதன் மூடியை மட்டும் ஆள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். வெயில் உச்சிக்கு வந்தது. சங்கு ஊதியது.

எதுவும் எழவில்லை. தெருவில் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். சங்கின் கடைசி இழை ஆற்றுமணலுக்கு மேல் தேய்ந்து போகும் வரை காத்திருந்தார்கள். காக்கையின் நிழல் ஒன்று தரையில் போயிற்று, எல்லாரும் துள்ளி எழுந்தார்கள், நிமிர்ந்து பார்த்தால் அது காக்கையேதான். கோதண்டம் மெல்ல வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். மண்நிறப் பீரங்கி ஒன்று, ஏதோ நெடுந்தொலைவிலிருந்து சேற்றில் உருண்டு வந்து இப்போதுதான் நின்றதைப் போல, கூடத்தின் நடுவே நின்றுகொண்டிருந்தது. பிடிச்சிக்கிச்சி என்று அவர் தெருவுக்குச் சொன்னார். கதவுகளைத் தூக்கிக்கொண்டு சனங்கள் கலைந்தார்கள். சிலருக்கு வருத்தம்தான், ஆனாலும் கலைந்து போகும்போது எவரும் சத்தமாகப் பேசவில்லை.

கன்னியம்மாள் முக்காலியை இன்னும் அருகே இழுத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் பார்வை ஊசியின் காது அளவுதான் இருந்தது. அதன் வழியே முதலில் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு சக்கரத்தின் மேலிருந்த தகட்டைப் பார்த்தார். தகட்டின் நடுவிலிருந்து குழல் புறப்படும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அதன் நுனி வரைக்கும் கண்ணைப் பைய நகர்த்திக்கொண்டு போனார். ஒவ்வொரு துண்டிலும் அதே நிறம் இருந்தது. சுலோச்சனாவின் வாளியிலிருந்து சுண்ணாம்பு சொட்டிக்கொண்டிருந்தது.

"இது கல்லு நெறமாச்சே" என்றார் கன்னியம்மாள்.

"ஆமா அண்ணி. சுடாத கல்லு. சூளையில அதுக்குப் பேரு பச்சை."

கன்னியம்மாள் கையை நீட்டிக் குழலைத் தொட்டார். ஈரம் விரலில் ஒட்டிக்கொண்டது. ஒட்டியதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துச் சுலோச்சனா வாளியை வைத்துவிட்டு ஓடிவந்தார். அவர் அழவில்லை. அடுப்படியில் மணைமேல் உட்கார்ந்திருந்த ஒருவர் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு சொன்ன ஒரு வேடிக்கை அப்போதுதான் அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. பதினெட்டு வயதில் சிரித்திருக்க வேண்டியதையெல்லாம் சேர்த்து, முந்தானையால் வாயைப் பொத்திப் பொத்தி, அடக்க முடியாமல், கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார்.

"அட மனுசா. கல்லச் சொன்னியா நீ? என் சோறு நல்லாத்தான் இருந்திச்சா?"

அவர் சிரிப்பது தெருவில் கேட்டது. தெருவிலிருந்தவர்களுக்கு எதற்கென்று தெரியாவிட்டாலும் சிரிப்பு ஒட்டிக்கொண்டது. கதவு சுமந்தவர்கள் கதவோடு சிரித்தார்கள். கடைத்தெருவுக்கு அது போய்ச் சேர்ந்தபோது காரணம் கேட்பவர் யாருமில்லை. சூளைப் பக்கம் மண் மிதித்துக்கொண்டிருந்தவர்கள் மட்டும், பச்சை கேட்டு வந்தாரே வாத்தியார், ஏதோ ஆயிற்றென்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் ஏகாம்பரம் வந்தார். இனிமேல் வண்ணம் எழாது என்பதை அவர் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டிருந்தார். தண்ணீர்த்தொட்டிக்கு வேறு வழி பார்க்கலாம் என்றார். ஆனால் இத்தனை பேர் கண்ட அதிசயத்துக்கு ஊரில் ஓர் அடையாளம் வேண்டாமா? பச்சை மண் இரண்டு வெயிலில் வெடித்துவிடும்; சூளையில் வைத்துப் பதமாக ஒரு தீ காட்டிவிட்டால் கல்போலாகிவிடும், பஞ்சாயத்து அலுவலக வாசலில் மேடை கட்டி நிறுத்திவிடலாம், முனிரத்தினத்தின் பெயரையும் பொறிக்கலாம் என்றார். தணிகைவேலுவுக்குக்கூட அது நியாயமாகப் பட்டது. அண்ணனுக்குச் சமாதி இல்லாத குறை அதனால் தீரும் அல்லவா?

கன்னியம்மாள் வேண்டாமென்று தலையசைத்தார். வெந்துவிட்டால் அது செங்கல், அவர் சொன்னது செங்கல் அன்று, என்றார். அதற்குமேல் யாரும் வற்புறுத்தவில்லை.

தை போய் மாசியும் போயிற்று. ஊசியின் காதும் அடைபட்டு, கன்னியம்மாளுக்குப் பகலும் இரவும் ஒன்றாயின. பசு பச்சையாகவே மேய்ந்தது; பள்ளிவாசல் குமிழ் பச்சையாகவே நின்றது. நாள்தோறும் பகல் சங்கு ஊதியதும் கன்னியம்மாள் கூடத்துச் சுவரைத் தடவிக்கொண்டு வந்து, பீரங்கிக்கு அருகே உட்கார்ந்து, செம்பில் தண்ணீர் தொட்டுத் தெளிப்பார். விரிசல் கண்ட இடத்தை விரல் தானே அறியும். அங்கே சிறிது மண்ணைக் குழைத்து அழுத்துவார். தெருவில் போகிறவர்கள் வாசலில் நின்று, உங்க பீரங்கி எப்பிடி இருக்குது ஆயா என்று கேட்பார்கள். பதில் தெரிந்துகொண்டேதான் கேட்பார்கள்; அவர் சொல்லிச் சிரிப்பதைப் பார்ப்பதற்காகவே வேறு தெருவிலிருந்து சுற்றிக்கொண்டும் சிலர் வருவதுண்டு. அவர் ஈரக் கையைத் தூக்கிக் காட்டிச் சொல்வார்:

"பச்சைதான். இன்னும் வேகல."